மைக்கில் ஒலித்த மூன்று ஸ்டார்

லோகநாயகியிடம் யாராவது ஒரு நம்பரைச் சொன்னால் அவள் சும்மா விடமாட்டாள். எங்கே, எப்போதிலிருந்து, என்ன செய்யும்போது என்று மூன்று கேள்வி கேட்ட பிறகுதான் அந்த நம்பரை நம்புவாள். சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து இருந்து வந்த குணம் அது. படுக்கைக்குப் படுக்கை போய், "வலி பத்துக்கு எவ்ளோ இருக்குதுங்க?" என்று கேட்பது அவள் தினசரி வேலை. நம் ஜனங்கள் அதற்கு என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். "பத்துக்குப் பன்னண்டு போட்டுக்கம்மா" என்பார்கள். கால் முறிந்து வந்தவரும் பன்னிரண்டு, பல்லி விழுந்து பயந்து வந்தவரும் பன்னிரண்டு. குறைத்துச் சொன்னால் டாக்டர் தாமதமாக வருவார் என்று ஒரு பயம்.

"எல்லாரும் பத்து பத்துன்னா நான் யாரத்தான் மொதல்ல பாக்குறது?" என்று அவள் டியூட்டி ரூமில் அலுத்துக்கொள்ளாத நாள் கிடையாது. நம்பரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாருக்கும் ஊசி போட முடியாது. எங்கே வலிக்கிறது என்ற வார்த்தையோடு சேர்ந்தால்தான் அந்த நம்பருக்கு ஒரு உபயோகம். ஊசி போட்டு அரை மணி கழித்து மறுபடி கேட்க வேண்டும். அப்போது அது வேறு நம்பராக இருக்கும், இருக்கவும் வேண்டும். இவ்வளவுதான் அவள் கொள்கை. இந்தக் கொள்கை அவளைக் குடும்பத்தோடு மோதவைக்கும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

கடலூர் திருப்பாப்புலியூர் ஸ்டேஷனில் காலையில் ரயில் ஏறினால் சிதம்பரம் வரை அவளுக்குப் போனில் கேம்தான். பெட்டியில் மற்ற பெண்கள் தூங்குவார்கள், பூக் கட்டுவார்கள், சீரியல் கதை பேசுவார்கள். நாற்பது வயதுப் பொம்பளை கேம் விளையாடினால் ஊர் ஒரு மாதிரிதான் பார்க்கும். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஊர் பார்வைக்கு அஞ்சுகிற ஜாதி இல்லை அவள்.

விளையாடுவதோடு நிறுத்தமாட்டாள். முழுதாக ஆடி முடித்ததும் ஸ்டோரில் போய் ஸ்டார் போட்டு, கீழே தமிழில் நாலு வரி எழுதுவாள், தன் சொந்தப் பெயரிலேயே. மூன்று என்றால் நன்றாக இருக்கிறது, ஆனால் குறையும் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு என்றால் போனில் இடம் நிறைய இருந்தால் மட்டும் இறக்கிப் பார். நான்கு என்றால் பக்கத்து சீட்டுக்காரிக்கும் சொல்லலாம். ஐந்து என்பதை அவள் இதுவரை இரண்டே கேமுக்குத்தான் கொடுத்திருக்கிறாள். அவள் எழுதியதைப் படித்துவிட்டு, "அக்கா, நீங்க சொன்னா நம்பி எறக்கலாம்" என்று முகம் தெரியாத பிள்ளைகள் பதில் போடுவார்கள். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று நான் சொன்னால் அது பொய்.

மற்ற இடங்களில் ஸ்டார் எப்படிப் போடப்படுகிறது என்று பாருங்கள். சாம்பார் ஊசிப்போன ஹோட்டலுக்கு நாலு புள்ளி எட்டு. கிளட்ச் பிளேட்டையே தொடாமல் பில் போடுகிற மெக்கானிக்குக் கச்சிதமாக ஐந்து. நம் ஊரில் ஐந்து ஸ்டார் என்பது மதிப்பீடே கிடையாது, அது மொய். நீ என் கடைக்குப் போட்டாய், நான் உன் கடைக்குப் போடுகிறேன். போடாவிட்டால் பகை.

லோகநாயகியின் நாத்தனார் இசைவாணி, கணவன் சபாபதியின் ஒரே தங்கை. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவள், அதை விட்டுவிட்டுச் சிதம்பரத்துக்கு வந்து வீட்டில் உட்கார்ந்தபடி தனியாளாக ஒரு கேம் செய்தாள். இரண்டு வருடம் அதே வேலை. கேமின் பெயர் 'உள்ள போங்க'. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற தனியார் பஸ்ஸில் நீங்கள்தான் கண்டக்டர். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் கூட்டத்தில் நீந்தி எல்லோருக்கும் டிக்கெட் கிழிக்க வேண்டும், சில்லறை தர வேண்டும், படியில் தொங்குகிறவர்களை உள்ளே தள்ள வேண்டும். இசைவாணி நிஜ பஸ்களில் ஏறி இறங்கி, ஜனங்கள் பேசுவதைப் பதிவு செய்து சேர்த்திருந்தாள்.

அந்தக் கேமை எடுத்துப் பெரிய அளவில் வெளியிடுகிறோம் என்று சென்னையில் ஒரு கம்பெனி முன்வந்தது. ஒரு மாதம் சோதனையாக ஸ்டோரில் விட வேண்டும், மாதக் கடைசியில் நாலு ஸ்டாருக்கு மேல் நிற்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. நின்றால் இசைவாணி கேம் செய்கிறவள். நிற்காவிட்டால் மறுபடி சென்னைக்குப் பெட்டி கட்ட வேண்டியவள். குடும்பத்தில் எல்லோருக்கும் இது தெரியும். லோகநாயகிக்கும் தெரியும்.

அவள் கேமை வந்த அன்றே இறக்கினாள். தினம் ரயிலில் ஆடினாள். நிறைய நாள் ஆனது, ஆனால் கடலூரில் கிளம்பிச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வரை போய்ச் சேர்ந்தாள். ஆடி முடித்து மூன்று ஸ்டார் போட்டு, எழுதவேண்டியதை எழுதிவிட்டு வார்டுக்குப் போய்விட்டாள். நாத்தனார் என்பதற்காக ஒன்று கூட்டவும் இல்லை, நாத்தனார் என்பதற்காக ஒன்று குறைக்கவும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் இசைவாணி மகனுக்குச் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் காதுகுத்து. தாய்மாமன் சபாபதிக்குத் தலை கால் புரியவில்லை. கடலூர் ஓ.டி.யில், அதாவது முதுநகரில், எலெக்ட்ரிகல் கடை வைத்திருப்பவன், எதையும் சின்னதாகச் செய்யத் தெரியாது. தட்டு வரிசை, வேட்டி சட்டை, கொலுசு எல்லாம் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தான். "என் தங்கச்சி ஒரு கேம் பண்ணியிருக்குது. தாய்மாமன் சீரு இந்தத் தடவ அஞ்சு ஸ்டாரு. வந்தவங்க எல்லாரும் மண்டபத்து வைஃபைல எறக்கி, அஞ்சு போட்டுட்டுத்தான் பந்திக்குப் போவணும்" என்றான்.

மொய் மேசையில் உட்கார்ந்து பெயர் வாசிக்கிற சிங்காரம் மாமாவுக்குப் புது உற்சாகம். ஒவ்வொருவரும் வந்து போனைக் காட்ட, அவர் மைக்கில் அறிவித்தார். "சேத்தியாத்தோப்பு வைத்திலிங்கம் அஞ்சு ஸ்டார். கம்மாபுரம் தலையாரி வீடு, குடும்பத்தோட நாலு போனு, ஆளுக்கு அஞ்சு ஸ்டார்." வைத்திலிங்கம் போட்டது ஏதோ ஒரு டார்ச் லைட் ஆப்புக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. பலர் போட்ட கையோடு கேமை அழித்தார்கள், போனில் இடம் இல்லையாம். ஒருவர்கூட அதைத் திறந்து பார்க்கவில்லை. இசைவாணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சிரிப்பதா கூசுவதா என்று தெரியாமல் நின்றாள்.

தாய்மாமன் குடும்பத்துப் பேரை நடுநாயகமாக வாசிக்க வேண்டும் என்று சபாபதிக்கு ஆசை. லோகநாயகி குழந்தைக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தாள். அவள் கைப்பையிலிருந்து போனை இவனே எடுத்து, ஸ்டோரைத் திறந்து, எத்தனை ஸ்டார் என்று பார்க்காமலேயே சிங்காரம் மாமாவிடம் நீட்டினான். அவர் கண்ணில் பட்டதை அப்படியே வாசிக்கிற மனிதர். "கடலூர் தாய்மாமன் சபாபதி சம்சாரம் லோகநாயகி" என்று இழுத்தவர், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "மூணு ஸ்டார்" என்றார்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நாதஸ்வரக்காரர்கூட மூச்சை நிறுத்திவிட்டார். லோகநாயகி விரலில் சந்தனத்தோடு நின்றாள். நாத்தனாருக்கு அண்ணி மூன்று போட்டாள் என்றால் அதற்கு உறவுக்காரர்கள் என்ன அர்த்தம் கட்டுவார்கள் என்பதைச் சொல்லவா வேண்டும். இசைவாணி அவளை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பார்வைதான் லோகநாயகிக்கு வலித்தது. மற்றவர்களைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.

திரும்பும் வழியில் பைக்கில் சபாபதி பரங்கிப்பேட்டை ரோடு தாண்டும் வரை வாயைத் திறக்கவில்லை. அப்புறம் திறந்தான், மூடவில்லை.

"ஒரு வெரல அழுத்துறதுல உனக்கு என்னா கொறைஞ்சி போவுது? மானத்த வாங்கிட்டியே."

"என் பையில இருந்த போன நீங்கதான மாமா எடுத்துக் குடுத்தீங்க. நான் மைக்குல சொல்லச் சொன்னனா?"

"ஊரே அஞ்சு போடுது. நீ மூணு போடுற. அவ உன் வூட்டு ஆளுடி."

"ஊரு தொறந்தே பாக்கல. நான் வெளையாடினேன். வெளையாடினா மூணுதான் வருது. நாளைக்கி அத சரி பண்ணட்டும், மறுபடி வெளையாடிட்டு ஜாஸ்தி வந்தா ஜாஸ்தி போடுறேன். சொந்தக்காரின்னு காய்ச்சல கொறைச்சி எழுத முடியுமா?"

"இது ஆஸ்பத்திரி இல்ல."

"அதான் தெரியுதே. ஆஸ்பத்திரியா இருந்தா, கொறையே இல்லன்னு சொன்ன எல்லாரையும் இன்னிக்கே டிஸ்சார்ஜ் பண்ணிருப்பேன்."



அடுத்த வாரம் இடி இறங்கியது. ஒரே மண்டபத்திலிருந்து ஒரே மதியத்தில் வந்து குவிந்த ஏறக்குறைய இருநூறு ஐந்து ஸ்டாரும் போலி என்று ஸ்டோர் முடிவு செய்து, மொத்தத்தையும் துடைத்துப் போட்டுவிட்டது. பல நாள் உண்மையாக ஆடியவள் என்பதால் லோகநாயகியின் ஸ்டாரை மட்டும் அது தொடவில்லை. இசைவாணியின் இரண்டு வருட உழைப்புக்கு மேலே இப்போது தனியாக ஒரு மூன்று நின்றது.

குடும்ப வாட்ஸப் குரூப்பில் அவள் பெயரைச் சொல்லாமலேயே அவளைக் கிழித்தார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், அவள்தான் ஸ்டோருக்குப் புகார் எழுதியிருப்பாள் என்றார்கள். அதையும் அவள் தாங்கிக்கொண்டாள். ஆனால் அன்று சாயங்காலம் சபாபதி கடையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "நெசத்த சொல்லு, நீதான் போட்டுக் குடுத்தியா?" என்று கேட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பதிமூன்று வயதில் ஒரு மகள் இருக்கிற வீட்டில், இத்தனை வருடம் கூட வாழ்ந்தவன் கேட்கிற கேள்வியா இது.

"ஒளிஞ்சி நின்னு செய்யறவளா இருந்தா என் பேர போட்டா எழுதுவேன்?" என்று மட்டும் கேட்டாள். அவள் சமையலறைக்குள் போய் அழுதாள், கோபத்தில்தான் அழுதாள். போனை எடுத்து அந்த மூன்றை ஐந்தாக்கிவிடலாம் என்று ஒரு கணம் விரலையும் வைத்தாள். ஐந்து போட்டால் சண்டை முடியும், எல்லோரும் அண்ணி அண்ணி என்பார்கள். ஆனால் நாளைக்கு எவளோ ஒருத்தி அதை நம்பி இறக்கி, பாதி வழியில் போனைத் தூக்கிப் போடுவாள். அதோடு, இசைவாணிக்கு அந்தக் கேமில் எங்கே வலிக்கிறது என்று சொல்ல ஒரு நாதி இருக்காது. விரலை எடுத்துவிட்டாள். என்ன ஆனாலும் சரி, மாற்றுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தாள்.

இரண்டு நாள் கழித்து மதிய இடைவேளையில் இசைவாணி ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. லோகநாயகி டியூட்டி ரூமில் தயிர் சாதத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

"கம்பெனிக்காரரு பேசினாரு அண்ணி. இன்னும் மூணு நாளுதான் டைமு. புதுசா கொஞ்சம் ஸ்டார் அவங்களே ஏற்பாடு பண்ணிக்கிறாங்களாம். உங்க மூணு மட்டும் மாறணுமாம். அது மேலயே நிக்குதாம், அசிங்கமா இருக்குதாம்."

"நீ என்னா சொல்ற?"

"மாத்திடுங்க அண்ணி. நான் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல. என்மேல கோவம் இருந்தா வேற எதுலயாவது காட்டுங்க, இதுல வேணாம்."

"கோவமா?" லோகநாயகி டப்பாவை மூடினாள். "நீ நான் எழுதினத படிச்சியா?"

இசைவாணி இல்லையென்று தலையை ஆட்டினாள். மண்டபமும் படிக்கவில்லை, சபாபதியும் படிக்கவில்லை, கம்பெனியும் படிக்கவில்லை. செய்தவளே படிக்கவில்லை. மூன்று என்ற எண்ணைப் பார்த்ததும் எல்லோருக்கும் கண் அங்கேயே நின்றுவிட்டது. லோகநாயகி வந்த ஆத்திரத்தில் தன் போனை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"மொதல்ல படி. படிச்சிட்டு அப்புறம் திட்டு."

இசைவாணி படித்தாள். லோகநாயகி இப்படித்தான் எழுதியிருந்தாள்:

'பயணிங்க பேசுறத கேட்டு ட்ரெயின்ல தனியா சிரிச்சேன், பக்கத்துல இருந்தவங்க நகர்ந்து உக்காந்தாங்க. மீன் கூடைக்கார அம்மா சில்லறைக்குச் சண்டை போடுறது அப்படியே நம்ம முதுநகர் பஸ்ஸு. இந்த மாதிரி கேம் நான் பார்த்ததில்ல. ஆனா சில்லறை குடுக்குற பட்டன் கடுகு மாதிரி இருக்கு, வண்டி ஆடினா அமுக்க முடியல. ஆலப்பாக்கம் ஸ்டாப்பு வரைக்கும் நல்லாப் போவுது. அதுக்கப்புறம் ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு விளம்பரம். விளம்பரம் முடிஞ்சி வந்து பாத்தா செக்கிங் ஏறிட்டாரு, டிக்கெட் குடுக்கலன்னு நம்மள எறக்கி வுட்டுடுறாங்க. இது ஆடறவங்க தப்பு இல்ல. இதுக்குத்தான் ரெண்டு குறைச்சேன். இத சரி பண்ணா நான் மறுபடி ஆடுவேன்.'

படித்து முடித்தும் அவள் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைசி வரிகளை மறுபடி படித்தாள்.

"அந்த விளம்பரம் நான் வெச்சது இல்ல அண்ணி" என்றாள் மெதுவாக. "கம்பெனிதான் வெக்கச் சொன்னாங்க. ஆலப்பாக்கத்துக்கு அப்புறம் வெச்சா ஆளு பாதியில நிறுத்த மாட்டான், பாத்துதான் ஆவணும்னாங்க. இது ஆட்டத்தையே கெடுக்கும்னு எத்தன தடவ சொன்னேன். ஆடறவனுக்கு அதெல்லாம் தெரியாது மேடம்னாங்க."

"எனக்குத் தெரிஞ்சிதே."

"ஆமா" என்றவள் முகத்தில் அழுகை போய் வேறு ஏதோ வந்தது. இரண்டு வருடம் தனியாகச் சண்டை போட்டவளுக்கு, தன் பக்கம் ஒருத்தி நின்றிருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிந்தது. அதுவும் தான் பகையாளி என்று நினைத்தவள். "சில்லறை பட்டன் மட்டும் என் தப்புதான். மேசையில போன வெச்சே ஆடிப் பாத்துட்டு வுட்டுட்டேன்."

"அப்ப அதையும் சேத்து சரி பண்ணு. பண்ணிட்டு சொல்லு, நான் கடலூர்ல இருந்து மறுபடி ஆடிட்டு வரேன். என்னா வருதோ அதப் போடுறேன். அஞ்சு போடுவேன்னு இப்பவே வாக்கு குடுக்க மாட்டேன், பாத்துக்க."

"நான் கேக்கல அண்ணி" என்றாள் இசைவாணி. சிரித்தாள்கூட.

அப்போது இசைவாணியின் போன் அடித்தது. கம்பெனி ஆள் செந்தமிழ்செல்வன். அவள் ஒரு கணம் அண்ணியைப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"மேடம், அந்த மூணு ஸ்டார் உங்க சொந்தக்காரங்கதானே? பேசிட்டீங்களா?"

"பக்கத்துலதான் இருக்காங்க சார். அவங்க எழுதியிருக்குறத நீங்க படிச்சீங்களா?"

"எழுத்த யாரு மேடம் படிக்கிறா. நமக்கு நம்பர்தான். அது மாறினா நாளைக்கே அக்ரிமெண்ட் அனுப்பிடறேன். மாறலன்னா இத இதோட முடிச்சுக்கலாம். மாத்துவாங்களா, மாட்டாங்களா?"

லோகநாயகி பதில் சொல்ல வாயெடுத்தாள். என்னால் முடியாது, வாய்ப்பு போகிற பழியை என் தலையிலேயே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிடத்தான் நினைத்தாள். இசைவாணி கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"மாத்த மாட்டாங்க சார். நானும் மாத்தச் சொல்ல மாட்டேன். விளம்பரத்தையும் இன்னிக்கே எடுத்துடுவேன்."

"மேடம், யோசிச்சு பேசுங்க. ஒரே ஒரு ஆளோட மூணுக்காக இவ்ளோ பெரிய வாய்ப்ப வுடுறீங்க."

"மண்டபத்துல இருநூறு பேரு எனக்கு அஞ்சு போட்டாங்க சார். ஒருத்தரும் கடலூர் பஸ் ஸ்டாண்ட வுட்டே கெளம்பல. சிதம்பரம் வரைக்கும் என் பஸ்ஸுல வந்து எறங்கினது இவங்க ஒருத்தருதான். அந்த மூணு அப்படியே இருக்கட்டும்."

அவர் மேற்கொண்டு என்ன சொல்ல வந்தார் என்று தெரியவில்லை. இசைவாணி போனை வைத்துவிட்டாள்.